ஹெரால்டுக்கு எந்த பிரேக் ஆயில்?

பழைய காரின் பிரேக்கைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறவர்கள் வீல் சிலிண்டர், ஷூ, பைப், ஹோஸ் என்று ஒவ்வொன்றுக்கும் அலைவார்கள். எல்லாவற்றையும் மாட்டி முடித்து, லைனில் இருக்கும் காற்றை வடித்து ஏர் எடுக்கப் போகிற அன்று காலையில்தான் ஆயில் ஞாபகம் வரும். கடையில் இருப்பதில் விலை கூடின டப்பா ஒன்றை வாங்கி வந்து ஊற்றிவிடுவார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். எந்த ஆயில் என்பதை முதல் நட்டைக் கழற்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எந்த ரப்பர் கிட் வாங்குவது, கழற்றின சாமானை எதில் கழுவுவது, திரும்பப் பூட்டும்போது என்ன தடவுவது, வருஷா வருஷம் என்ன பராமரிப்பு செய்வது எல்லாமே அந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகின்றன. அந்த முடிவை டப்பாவில் அச்சடித்த கொதிநிலையைப் பார்த்து எடுக்கவும் கூடாது. வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எவ்வளவு ஓடுகிறது, அதை யார் யார் தொடப் போகிறார்கள் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

என்னுடையது 1967-ஆம் வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டை, 1961-இலிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் கட்டியது. தொழிற்சாலை வண்டலூர் பக்கம் இருந்தது. நான் இருப்பது தாம்பரம். பிறந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே வண்டி இன்றைக்கும் நிற்கிறது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

ஹெரால்டில் வேலை செய்வது சுகம். பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின், ஸ்டீயரிங், பிரேக் பைப் எல்லாவற்றையும் தொடலாம். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை ஷூ உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும். பிரேக்குக்கு ஒன்று, கிளட்ச்சுக்கு ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் ஆயிலை பைப்பில் தள்ளுவது அதுதான், சக்கரத்தில் அந்த ஆயிலை வாங்கி ஷூவைத் தள்ளுவது வீல் சிலிண்டர். இதில் மறக்கக் கூடாத சங்கதி, பிரேக்குக்கு இருப்பது ஒரே லைன்தான். இன்றைய கார்களில் ஒரு லைன் போனாலும் இன்னொன்று பிடிக்கும். இதில் எந்த மூலையில் ஒரு ரப்பர் போனாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. மிச்சம் ஹேண்ட் பிரேக் கேபிள் மட்டும்தான். அதனால்தான் நான் இந்த ஆயில் விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

வண்டி என் கைக்கு வந்தபோது பெடலை மிதித்தால் திரும்பி மேலே வர நேரம் எடுத்தது. கொஞ்ச தூரம் ஓட்டினால் முன் சக்கரம் இரண்டும் சூடாகி, வண்டியைத் தள்ளினால் நகராது. மாஸ்டர் சிலிண்டர் மேல் இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாகக் குழம்பு. எங்கள் பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். பையனாக இருந்தபோதே ஹெரால்டில் தொழில் கற்றவர், இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். வீல் சிலிண்டரிலிருந்து, ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். உப்பிப் போய், பிசுபிசுவென்று, ஓரம் மடங்கிக் கிடந்தது. "யாரோ மண்ணெண்ணெயில கழுவியிருக்காங்கம்மா. இல்ல, இன்ஜின் ஆயிலை டாப்-அப் பண்ணியிருக்காங்க" என்றார். முன்பு அதைப் பார்த்த ஏதோ ஒரு பட்டறையின் வேலை.

இதன் காரணத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பழைய பிரேக் கெட்டுப் போவதில் பாதி இதனால்தான் என்று நினைக்கிறேன். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எல்லாம் பெட்ரோலியத்திலிருந்து வந்தவை. பிரேக்கில் இருக்கும் ரப்பருக்கு இவை ஆகவே ஆகாது. அந்தக் காலத்து இயற்கை ரப்பரானாலும் சரி, இப்போது வரும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரானாலும் சரி, பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி உப்பிவிடும். உப்பிய கப் சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். மிதிக்கும்போது கால் பலத்தில் முன்னே போகும், விட்டால் திரும்பாது. ஷூ டிரம்மிலேயே உரசிக்கொண்டிருக்கும். உரசினால் சூடு, சூட்டில் ரப்பர் இன்னும் கெடும். ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் டப்பாவில் விழுந்தால் போதும், பைப்பைத் தவிர ரப்பர் இருக்கிற ஒவ்வொரு இடத்தையும் பிரித்து மாற்ற வேண்டியதுதான்.

அப்படியென்றால் ரப்பருக்கு ஆகிற எண்ணெய் எது? ஆரம்ப காலத்து ஹைட்ராலிக் பிரேக்கில் ஊற்றியது நம் விளக்கெண்ணெய்தான். அதோடு ஆல்கஹாலைக் கலந்து இளக்கியிருந்தார்கள். 1921-இல் அமெரிக்காவில் டூசன்பர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு விற்பனைக்கு வந்த காலம் அது. இயற்கை ரப்பரை விளக்கெண்ணெய் ஒன்றும் செய்யாது, வழவழப்பும் நன்றாக இருக்கும். ஆனால் ஆல்கஹால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும் என்பதால், கார்களின் வேகமும் எடையும் கூடக் கூட அது தாக்குப்பிடிக்கவில்லை. பிறகுதான் கிளைக்கால் என்ற ரசாயனத்தில் செய்த ஆயில்கள் அந்த இடத்தைப் பிடித்தன. விளக்கெண்ணெய் முழுக்கப் போய்விடவும் இல்லை. பிரேக் ரப்பரில் தடவ சிவப்பாக ஒரு ரப்பர் கிரீஸ் வருகிறதே, அதன் அடிப்படை இன்றைக்கும் விளக்கெண்ணெய்தான்.

ஹெரால்டு, கார்லிங் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பிரேக் போட்ட வண்டி. அந்தக் காலத்து கார்லிங் கப்புகள் இயற்கை ரப்பர். அதற்கென்றே கிரிம்சன் என்று ஓர் ஆயில் இருந்தது. வேறு எதையும் ஊற்றாதீர்கள் என்று பிரிட்டிஷ் கார்களின் கையேடுகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும். அமெரிக்க ரப்பரை மனதில் வைத்துச் செய்த ஆயில்களில் சில, இந்த இயற்கை ரப்பரை உப்ப வைத்ததுதான் அந்தப் பயத்துக்குக் காரணம். இன்றைக்கும் பழைய ஆட்கள் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு, கிடைக்காத ஆயிலைத் தேடி அலைகிறார்கள். அலைய வேண்டாம். இப்போது வாங்கும் புதுக் கிட்டுகளில் பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான் வருகிறது. அதற்கு இன்றைய கிளைக்கால் ஆயில் தாராளமாகப் பொருந்தும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ தேடினால், எந்தக் காலத்திலோ பேக் செய்த கிட் ஒன்று அட்டைப்பெட்டி மங்கிப் போய்க் கிடைக்கும். ஒரிஜினல் என்று ஆசையாக இருக்கும். அது பல வருஷம் சும்மா கிடந்த ரப்பர். ஆயிலே படாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். ஓரத்தை வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு தெரியும். பெட்டியை அழகுக்கு அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், ஒரே லைன் வண்டியில் அந்தக் கப்பைப் போடக் கூடாது.

சரி, இப்போது ஆயில். கடையில் பார்க்கப் போவது டாட் 3, டாட் 4, டாட் 5, டாட் 5.1. டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் முதலெழுத்துகள், அவர்கள் வகுத்த தரம்தான் இந்த எண்கள். இதில் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் குடும்பம். ஒன்றோடொன்று கலந்தாலும் ஆபத்தில்லை. 5 மட்டும் தனி ஜாதி, அது சிலிக்கோன். 5-ஐயும் 5.1-ஐயும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எண் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே தவிர, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

புது ஆயிலின் கொதிநிலை டாட் 3-க்குக் குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230, டாட் 5-க்கும் 5.1-க்கும் 260. கடைக்காரர் சொல்வது இந்த எண்ணைத்தான். நாம் பார்க்க வேண்டியது இன்னொரு எண், ஈரம் ஏறின பிறகு உள்ள கொதிநிலை. கிளைக்கால் ஆயிலுக்குத் தண்ணீர் மேல் ஆசை. ஹோஸ் ரப்பர் வழியாகவும், டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும், காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் ஏறின நிலையில் டாட் 3-இன் குறைந்தபட்சக் கொதிநிலை 140, டாட் 4-க்கு 155. தண்ணீர் இன்னும் ஏறினால் இன்னும் இறங்கும். டாட் 4-இல் இருக்கும் போரேட் எஸ்டர் தண்ணீரைப் பிணைத்து வைத்துக்கொள்வதால்தான் அந்த 15 டிகிரி கூடுதல்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்று எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். தாம்பரம் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, ஆனாலும் மழைக்காலத்தில் வீட்டுக்குள் வைத்த தோல் செருப்பு பூசணம் பூக்கிறது. கேரேஜில் நிற்கிற காரின் ஆயில் மட்டும் காய்ந்தா இருக்கும்? தினமும் ஓடுகிற காரை விட, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற பழைய காருக்கு இதனால் கெடுதல் அதிகம். ஈரம் இழுத்த ஆயில் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். துருவைத் தடுக்க ஆயிலில் கலந்திருக்கும் மருந்தும் நாளாக ஆக வலுவிழக்கும். வீல் சிலிண்டரின் இரும்புச் சுவரில் சின்னச் சின்னக் குழி விழும். அந்தக் குழியின் ஓரத்தில் ரப்பர் போய்வந்து கிழியும். என் சிலிண்டர்களில் கப் நின்ற இடத்துக்கு நேரே வட்டமாகக் குழி இருந்தது, வண்டி நெடுநாள் நின்றே கிடந்ததற்கு அதுவே சாட்சி. லேசான கறை என்றால் ஹோன் போட்டு, அதாவது உள்சுவரைச் சாணைக்கல்லால் தேய்த்து எடுத்துவிடலாம். குழி என்றால் ஹோன் போட்டுத் தேய்த்துக்கொண்டே போகக் கூடாது, அளவு பெரிதாகி கப் பிடிக்காது. லேத் பட்டறையில் கொடுத்து பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ உள்ளே ஸ்லீவ் என்ற குழாய் போட வேண்டும். இல்லையென்றால் புது சிலிண்டர்.

ஆக, என்னைப் பொறுத்தவரை பிரேக் ஆயிலின் முதல் வேலை துரு பிடிக்காமல் பார்ப்பது. கொதிக்காமல் இருப்பது அதற்கு அடுத்ததுதான். டிஸ்க் பிரேக்கில் காலிப்பருக்குள் ஆயில் பேடுக்கு மிக அருகில் இருக்கும், சூடு நேரே ஏறும். டிரம் பிரேக்கில் சூடாகிறது டிரம்மும், ஷூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கும். சிலிண்டர் டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பேக் பிளேட்டில் தள்ளி உட்கார்ந்திருக்கும். ஹெரால்டில் நல்ல ஆயிலைக் கொதிக்க வைப்பது சுலபமல்ல.

அதற்காக மலை இறக்கத்தை இளக்காரமாகவும் எண்ணக் கூடாது. நாங்கள் குடும்பத்தோடு ஏலகிரி போவதுண்டு. 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும், ஆனால் கவனம் வேண்டியது இறங்கும்போதுதான். அங்கே ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு வித்தியாசம் இருக்கிறது. பெடல் கல்லாட்டம் கெட்டியாக நிற்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கிறது என்றால், லைனிங் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் திரும்ப வரும். பெடல் மெத்து மெத்தென்று தரை வரைக்கும் போகிறது என்றால், ஆயில் எங்கோ கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டது, அல்லது கசிவு. இது முன்னதை விட மோசம், ஏனென்றால் மிதிக்கிற பலம் சக்கரத்துக்குப் போகவே போகாது. டிரம் சூட்டில் விரிந்து பெடல் கொஞ்சம் கூடுதலாக இறங்குவது வேறு விஷயம், அது டிரம் வண்டியில் சகஜம். எந்த ஆயில் ஊற்றினாலும் இரண்டாவது கியரில் இறங்குவதுதான் முறை. ஏறின கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதை நான் அப்படியே பின்பற்றுகிறேன். ஏலகிரிக்கு 155 டிகிரி போதும், ஆனால் அந்த 155-ஆவது மிச்சமிருக்க வேண்டும். ஆறு வருஷம் மாற்றாத ஆயிலில் அது இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இனி சிலிக்கோன். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் அதிகம் சண்டை போடுவது இதைப் பற்றித்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

டாட் 5 ஊதா நிறத்தில் இருக்கும். தண்ணீரை இழுக்காது. பெயின்ட்டில் சிந்தினால் ஒன்றும் ஆகாது. கிளைக்கால் சிந்தினால் பெயின்ட்டைக் கொப்பளித்து உரித்துவிடும் என்பதால், லட்சக்கணக்கில் செலவழித்துப் பெயின்ட் அடித்தவர்களுக்கு இது ஒன்றே பெரிய ஆறுதல். அமெரிக்க ராணுவம் 1980-களில் தன் வண்டிகளை சிலிக்கோனுக்கு மாற்றியது. வருஷக்கணக்கில் கிடங்கில் நிற்கும் வண்டி, கூப்பிட்ட அன்றைக்கு ஓட வேண்டும் என்பதுதான் அவர்கள் தேவை. நிற்கிற வண்டிக்கு நல்லது என்றால் நம் பழைய காருக்கும் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் அந்த எண்ணம் வந்தது, நிறையவே யோசித்தேன். கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணங்கள் உண்டு.

சிலிக்கோன் தண்ணீரை இழுக்காது என்றால் தண்ணீர் உள்ளே வரவே வராது என்று அர்த்தமல்ல. டப்பாவுக்குள் காற்று போய்வருகிறது, அந்தக் காற்றின் ஈரம் குளிர்ந்து துளியாக விழும். கிளைக்கால் அந்தத் துளியைத் தன்னோடு கரைத்து எங்கும் பரப்பிவிடும். சிலிக்கோனில் அது கரையாமல், எடை அதிகமென்பதால் கீழே இறங்கி, லைனிலேயே தாழ்ந்த இடத்தில் போய் உட்காரும். தாழ்ந்த இடம் எது? வீல் சிலிண்டர். அந்த ஒரு இடத்தில் சுத்தத் தண்ணீர் நின்று இரும்பை அரிக்கும். சூடானால் 100 டிகிரியிலேயே ஆவியாகும். வறண்ட ஊரில் இது பெரிய கவலையாக இல்லாமல் போகலாம். நம் கடற்கரை ஊருக்கு இது கவலைதான்.

இரண்டாவது, காற்று. சிலிக்கோனில் காற்று நுண்ணிய குமிழாகக் கலந்து நிற்கும், சீக்கிரம் மேலே வராது. டப்பாவைக் குலுக்கக் கூடாது, மெல்ல ஊற்ற வேண்டும், ஏர் எடுத்துவிட்டு விட்டுவைத்து மறுபடி எடுக்க வேண்டும். அப்படியும் கிளைக்காலை விடக் கொஞ்சம் அமுங்கும் தன்மை அதற்கு உண்டு. பெடல் கால் அடியில் கெட்டியாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவள் நான். அந்த மெத்தென்ற மிதி எனக்குப் பிடிக்காது. பிடிக்காததோடு போகாமல், மெத்தென்று இருப்பது ஆயிலின் குணமா, உள்ளே ஏர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம் வரும். பிரேக்கில் அந்தச் சந்தேகமே இருக்கக் கூடாது. ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்யும் பழைய பிரேக் லைட் சுவிட்சுகள் சிலிக்கோனில் சீக்கிரம் செத்துப் போகின்றன என்றும் பழைய கார்க்காரர்கள் பலர் சொல்கிறார்கள்.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்த்து வைத்தது. என் வண்டி ஓடுகிற வண்டி. திண்டிவனத்திலோ வாணியம்பாடியிலோ ஒரு சாயங்காலம் ஆயில் குறைந்தால், பக்கத்துப் பட்டறையில் இருக்கும் பையன் கையில் இருப்பது டாட் 3 அல்லது டாட் 4. அதுதான் எந்தக் கடையிலும் கிடைக்கும். "சிலிக்கோன் இருக்கா தம்பி" என்று கேட்டால் கதவு ஒட்டுகிற ட்யூபை எடுத்துக் காட்டுவான். நானே பக்கத்தில் இல்லாமல் என் கணவரோ மகளோ வண்டியோடு நின்றால், டப்பாவைத் திறந்து கிளைக்காலை ஊற்றிவிடுவார்கள், உதவி செய்கிற நல்ல மனசோடு. சிலிக்கோனும் கிளைக்காலும் கலக்காது. இரண்டும் தனித்தனி அடுக்காக நின்று, பிரேக் நம்பகமில்லாமல் போகும். மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, காய வைத்து, ரப்பர் மாற்ற வேண்டும். நம் ஊரில் ஓடுகிற வண்டிக்குள், நம் ஊர்க் கடையில் கிடைக்காத ஆயிலை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு நண்பர் தன் பழைய எம்ஜி காருக்கு சிலிக்கோன்தான் ஊற்றியிருக்கிறார். அவர் செய்தது அவருக்குச் சரி. சிலிண்டர், ஹோஸ், பைப், ரப்பர் எல்லாம் புதுசு, ஒரு சொட்டு கிளைக்கால் கூடப் படாதவை. வண்டி கண்காட்சிக்கு டிரெய்லரில் போய் வருகிறது. அவரைத் தவிர வேறு யாரும் பானெட்டைத் திறப்பதில்லை. இந்த மூன்றும் யாருக்குப் பொருந்துகிறதோ அவர்கள் யோசிக்கலாம். பழைய லைனில் இருக்கும் கிளைக்காலை வடித்துவிட்டு அப்படியே சிலிக்கோனை ஊற்றுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

டாட் 5.1 நல்ல ஆயில்தான், குறையில்லை. குளிர் நாடுகளுக்கும், நுண்ணிய வால்வுகள் இருக்கும் ஏபிஎஸ் வண்டிகளுக்கும் ஏற்றபடி இளக்கமாக இருக்கும். டிரம் போட்ட ஹெரால்டுக்கு அந்தக் கூடுதல் காசு எதையும் திருப்பித் தராது.

என் முடிவு டாட் 4, ஒவ்வொரு வருஷமும் தை மாதம் மாற்றுவது. மழைக்காலம் முடிந்து காற்று காய்ந்திருக்கும் நேரம் அது. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற கையோடு பிரேக் ஆயிலையும் மாற்றிவிட்டால், மழையில் இழுத்த ஈரம் அடுத்த வருஷத்துக்குப் போகாது. தினசரி ஓடுகிற புதுக் காருக்கு இரண்டு வருஷம் என்று சொல்வார்கள். ஒரே லைன் வண்டிக்கு நான் அதைப் பாதியாக்கிக்கொண்டேன். டாட் 3-ஐயே ஒழுங்காக வருஷா வருஷம் மாற்றுகிறவருக்கு, 5.1 ஊற்றிவிட்டு மறந்து போகிறவரை விட நல்ல பிரேக் இருக்கும்.

டப்பாவை நான் வாங்குவது டிவிஎஸ் கார்லிங். சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா கம்பெனியின் பெயர் அது. 1962-இல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து தொடங்கியது. ஹெரால்டு பிரேக்கின் தாய் வீடு கார்லிங் என்பதால் எனக்கு அதில் ஒரு பற்று, அவ்வளவுதான். தரம் எழுதியிருக்கும் எந்த நல்ல கம்பெனி ஆயிலும் ஆகும். முக்கியம் சீல். எப்போதும் மூடியின் அடியில் சீல் உடையாத சின்ன டப்பாவாக வாங்குங்கள். அரை லிட்டர் டப்பா இரண்டு இருந்தால் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் சேர்த்துத் தாராளம். கடைக்காரர் பெரிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுப்பதை வாங்கவே வேண்டாம், அந்தக் கேன் எத்தனை மழையைப் பார்த்ததோ தெரியாது. போன வருஷம் திறந்து மிச்சம் வைத்ததும் அப்படித்தான். மூடி இறுக்கமாக இருந்தாலும் அதை பிரேக்கில் ஊற்றாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நான் சொன்னது ஹெரால்டு, அம்பாசடர், பத்மினி மாதிரி சாதாரண ஹைட்ராலிக் பிரேக் வண்டிகளுக்கு. யாரிடமாவது சிட்ரோயன் டிஎஸ் இருந்தால் கதை வேறு. 1966 இறுதியிலிருந்து அதில் எல்எச்எம் என்ற பச்சை நிற மினரல் ஆயில். அதற்கு முந்தைய வண்டிகளில் சிவப்பு ஆயில். ஒன்றின் ரப்பர் மற்றதற்கு ஆகாது. 1980-இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஸ்பிரிட்டிலும் மினரல் ஆயில்தான். அதில் நம் டாட் 4-ஐ ஊற்றினால், ஹெரால்டில் மண்ணெண்ணெய் ஊற்றின அதே கெடுதல், வேறு திசையிலிருந்து. வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் அந்த டப்பாக்களைத் திறக்கக் கூடாது.

கடைசியாக வேலை நடந்த விதம். கழற்றின உலோக பாகங்களை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கழுவினேன். ஸ்பிரிட் காய்ந்து பறந்துவிடும், மிச்சம் எதையும் வைக்காது. ரப்பரை அதில் ஊற வைக்கக் கூடாது, புது பிரேக் ஆயிலில் ஒரு முக்கு முக்கிப் போட வேண்டும். "பெட்ரோல் பட்ட கையால ரப்பரைத் தொடாதம்மா, முதல்ல சோப்பு போட்டுக் கழுவு" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கை கழுவுவதைப் பார்த்தால் ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் தோற்பார். பின் சக்கரத்தில் வீல் சிலிண்டர் பேக் பிளேட்டில் முன்னும் பின்னும் நகர்கிற அமைப்பு. அந்த இடம் துருப்பிடித்து இறுகினால் ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும், ஆயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. அதையும் தேய்த்து, லேசாக கிரீஸ் வைத்து, கையால் தள்ளினால் நகர்கிறதா என்று பார்த்துத்தான் பூட்டினோம்.

ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பம், அதாவது பின் இடது. அப்புறம் பின் வலது, முன் இடது, முன் வலது. மகள் பெடலில், நான் சக்கரத்தில் ஆயில் வடிக்கும் திருகான நிப்பிளில். பெடலுக்கு அடியில் ஒரு கட்டைத் துண்டு வைப்போம். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் வருஷக் கணக்கில் போகாத ஆழத்துக்குப் பெடலைத் தரை வரை தள்ளினால், அங்கே படிந்திருக்கும் அழுக்கிலும் துருவிலும் உரசி ரப்பர் கீறும். புதுக் கிட் போட்ட வருஷம் இது அவ்வளவு முக்கியமில்லை, வருஷங்கள் போகப் போக முக்கியம். பக்கத்தில் எப்போதும் ஒரு பக்கெட் தண்ணீரும் மக்கும் இருக்கும். கிளைக்கால் தண்ணீரில் கரையும். பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் துணியால் துடைக்காமல் உடனே தண்ணீரை விட்டு அலசினால் பெயின்ட் பிழைக்கும். துடைத்தால் பரவும்.

நிப்பிளிலிருந்து வடிந்த ஆயிலைத் திரும்ப டப்பாவில் ஊற்றுவதில்லை, அது தெளிவாகத் தெரிந்தாலும் சரி. பழையதைத் தனி பாட்டிலில் பிடித்து, விஷம் என்று எழுதி, பிள்ளைகளுக்கும் தெரு நாய்களுக்கும் எட்டாத இடத்தில் வைத்து, பட்டறையில் கழிவை எடுக்க வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறேன். இன்ஜின் கழிவு ஆயிலோடு கலக்காமல் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் மூடியில் டாட் 4 என்றும் மாற்றின மாதத்தையும் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன், தமிழிலும் இங்கிலீஷிலும். கிளட்ச் மூடியிலும் அதே சீட்டு. கிளட்ச்சை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதிலும் அதே ஆயில், அதே ரப்பர், அதே மழை. பிரேக் ஆயில் மாற்றுகிற அன்றே கிளட்ச்சை அழுத்தும் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளையும் திறந்து, புது ஆயில் வரும் வரை வடித்துவிடுங்கள்.